என்.சி.சி.யா, சாரணியர் படையா, ஊர் மன்றமா? நோட்டு யார் கையில் என்று பாருங்கள்

பள்ளி திறந்த வாரம் அக்கா போன் செய்தாள். "தம்பி, பாப்பா ஒன்பதாவது போயிட்டா. ஸ்கூல்ல என்.சி.சி.யும் இருக்கு, சாரணியரும் இருக்கு. ரெண்டும் சனிக்கிழமை. எதுல சேர்க்கட்டும்?" கூடவே இன்னொன்றும் கேட்டாள். "சர்டிபிகேட்டுக்கு எது நல்லது?"

நான் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை சாரணன், அதாவது ஸ்கவுட். அப்புறம் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம். ஊருக்குத் திரும்பிய பிறகு நான்கு வருடம் எங்கள் இளைஞர் நற்பணி மன்றத்துக்குச் செயலாளர். என்.சி.சி. என்ற தேசிய மாணவர் படையில் இருந்ததில்லை, ஆனால் கூடப் படித்த பாதிப் பேர் அதில்தான் இருந்தார்கள். அதனால் அக்காவுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மனம் வரவில்லை. சான்றிதழைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது, அங்கே பிள்ளையின் கையில் என்ன பொறுப்பைக் கொடுக்கிறார்கள் என்பதை.

சாரணர் இயக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 1907-ல் இங்கிலாந்தில் பிரவுன்சி தீவில் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி இருபது சொச்சம் பையன்களை வைத்து முகாம் போட்டதில் பிறந்தது இது. இந்தியாவுக்கு வந்தபோது முதலில் வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். நம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று மதராசிலிருந்து தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கியவர் அன்னி பெசன்ட். இப்படிப் பிரிந்து கிடந்த அமைப்புகள் விடுதலைக்குப் பிறகு, 1950-ல் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றுசேர்ந்தன. அடுத்த வருடம் பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் அமைப்பும் சேர்ந்துகொண்டது. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்த வைரவிழா ஜாம்போரி என்ற பெரிய முகாம் இந்த இயக்கத்துடையதுதான்.

வரலாறு இருக்கட்டும். இதன் உயிர் அணி முறையில் இருக்கிறது. ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி, அதற்கு அவர்கள் வயதிலேயே ஒரு தலைவர். பெரியவர் சொல்ல ஐம்பது பேர் கேட்பது என்ற கணக்கே இங்கே இல்லை. பதின்மூன்று வயதில் நான் அணித் தலைவன். மூன்று நாள் முகாம், இரண்டாம் நாள் மதியச் சமையல் எங்கள் பொறுப்பு. முந்தின ராத்திரி மழை. விறகை வெளியே போட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் மூன்று கல் கூட்டி, ஈர விறகை அடுக்கி, ஒரு தீப்பெட்டி முழுக்கத் தீர்த்தும் புகைதான் வந்தது. கண்ணெல்லாம் எரிந்தது. எங்கள் சாரண ஆசிரியர் பத்தடி தள்ளி மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வரவே இல்லை. ஆறாவது படிக்கும் ஒரு சின்னப் பையன் பசியில் அழுதுவிட்டான். கடைசியில் பக்கத்து அணியிடம் போய்க் காய்ந்த சுள்ளி வாங்கி வந்து, பாதி வெந்த சோற்றை மூன்று மணிக்குத் தின்றோம்.

அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமலே நாங்கள் உட்கார்ந்து அணி நோட்டில் எழுதினோம்: விறகுக்கு இருவர், தண்ணீருக்கு ஒருவர், அரிசி களைய ஒருவர், விறகைத் தார்ப்பாய்க்கு அடியில் வைப்பது தலைவர் பொறுப்பு. அந்த நோட்டு எங்களுடையது, அதில் இருந்த எழுத்துப் பிழைகளும் எங்களுடையவை. ஆசிரியர் வாங்கிப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் அன்று காலையில் எழுந்து வந்து தீ மூட்டிக் கொடுத்திருந்தால் எங்களுக்குச் சாப்பாடு கிடைத்திருக்கும், அந்த நோட்டு கிடைத்திருக்காது.

குறை இல்லாமல் இல்லை. எல்லாம் ஆசிரியரைப் பொறுத்தது. ஆர்வமில்லாதவர் கையில் மாட்டினால் சாரணர் படை என்பது சுதந்திர தினத்தன்று கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு விருந்தினருக்கு வரவேற்புக் கொடுக்கும் கூட்டமாகிவிடும். ஐந்து வருடத்தில் ஒரு முடிச்சுகூடப் போடத் தெரியாமல் வெளியே வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சீருடைச் செலவும் பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான்.

என்.சி.சி.யின் கதை வேறு. 1948-ல் போட்ட தனிச் சட்டத்தின் கீழ் வருவது. நடத்துவது பாதுகாப்பு அமைச்சகம், பயிற்சி தருபவர்கள் ராணுவத்தினர். சீருடையை அரசு பார்த்துக்கொள்கிறது, பரேடு முடிந்தால் சிற்றுண்டி உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. நேரம் தவறாமை, நிமிர்ந்த நடை, கூட்டத்துக்கு முன்னால் தொண்டையைத் திறந்து கட்டளை கொடுக்கும் தைரியம், இவற்றை இதைப்போல வேறெதுவும் கற்றுத்தராது. என் வகுப்பில் பேர் கேட்டாலே தலை குனிகிற ஒருவன், இரண்டு வருடத்தில் குடியரசு தின அணிவகுப்பில் பள்ளிப் படையை நடத்திப் போனான். அன்று அவன் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

சான்றிதழ் என்று அக்கா கேட்டாளே, அதில் என்.சி.சி.யை அடிக்க முடியாது. பள்ளியில் இரண்டு வருடம் இருந்து தேர்வு எழுதினால் 'ஏ', கல்லூரியில் 'பி', அப்புறம் 'சி'. 'சி' சான்றிதழை நல்ல கிரேடில் வாங்கிய பட்டதாரி, ராணுவ அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்குப் போகலாம். பெண்களுக்கும் இது உண்டு. தேர்வானால் பயிற்சி நம் பரங்கிமலையில் உள்ள ஓ.டி.ஏ. என்ற ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்திலேயே கிடைக்கும். தமிழ்நாடு காவலர் தேர்விலும் என்.சி.சி.க்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. பிள்ளைக்குக் காக்கியோ பச்சைச் சீருடையோ கனவென்றால் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் என் கேள்வியை வைத்துப் பார்த்தால், இங்கே நோட்டு பிள்ளையின் கையில் இல்லை. முகாமில் எத்தனை மணிக்கு எழ வேண்டும், என்ன சாப்பாடு, எங்கே நடை, எல்லாம் மேலிருந்து வரும். கேடட், அதாவது படையில் உள்ள மாணவர், அதைப் பிசகாமல் செய்வார், கீழே உள்ளவர்களைச் செய்ய வைப்பார். அதுவும் தலைமைதான், மறுக்கவில்லை. தானே திட்டம் போட்டு, அது சொதப்பி, தானே சரிசெய்யும் பழக்கம் அதில் குறைவாகவே வருகிறது. இன்னொன்று, என்.சி.சி. எல்லாப் பள்ளியிலும் கிடையாது. இருக்கும் இடத்திலும் இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. ஓட்டத்திலோ உயரத்திலோ நின்றுபோன பிள்ளை மனசு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றோர் வேலை.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு. பாப்பாவுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கல்லூரியில் இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். அந்த ஏழு நாளுக்காகவே இதில் சேரலாம். டவுனில் வளர்ந்த பிள்ளை ஊராட்சிப் பள்ளித் தரையில் படுத்து, காலையில் அடிபம்பில் குளித்து, வீடு வீடாகப் போய்ப் பேசிவிட்டு வந்தால் வேறு ஆளாக வரும். மற்றபடி வருடம் முழுக்க வளாகத்தில் குப்பை பொறுக்குவதோடு முடித்துவிடுகிற இடங்களும் உண்டு. இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், அதாவது ஜே.ஆர்.சி., முதலுதவிக்கு நல்லது. அதைத் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இனி ஊர் மன்றம். இதைப் பற்றி யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை. மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திரா 1972-ல் வந்த பிறகு ஆயிரக்கணக்கான ஊர்களில் இளைஞர் மன்றங்கள் அதில் இணைந்தன. 2023-லிருந்து 'மை பாரத்' என்ற மத்திய அரசின் இணையதளமும் வந்திருக்கிறது, 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கு. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் முறையாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்த நாளிலிருந்து தீர்மானப் புத்தகம், வரவு செலவு, வருடாந்திரப் பொதுக்குழு எல்லாம் கட்டாயம்.

எங்கள் மன்றத்தில் ஒரு பொங்கலுக்கு வசூல் பதினான்காயிரம் சொச்சம். பொருளாளருக்கு வயது பத்தொன்பது. கணக்குக் கூட்டம் வேப்பமரத்தடியில், கையில் நாற்பது பக்க நோட்டு, டார்ச் வெளிச்சத்தில் வாசித்தான். உறியடிப் பானை, கோலப்பொடி, கபடிக் கோப்பை என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார். "ஏப்பா, மைக் செட்டுக்கு ஆயிரத்து ஐநூறுங்கிற. சீட்டு எங்க?" சீட்டு வாங்கவில்லை. பையன் முகம் சுண்டிப்போனது. எனக்கும்தான், செலவுக்கு ஒப்புதல் கொடுத்தவன் நான். "நாளைக்குக் கொண்டாந்து காட்டுறேன் தாத்தா" என்றான். மறுநாள் மைக் செட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணைக்கே போய்க் காட்டிவிட்டு வந்தான். ஊர்ப் பணத்துக்கு ஊர் முன்னால் பதில் சொல்லும் பழக்கத்தை எந்தப் பள்ளிப் படையாலும் சொல்லித்தர முடியாது. இங்கே நோட்டு முழுக்கவும் இளைஞர்கள் கையில் இருக்கிறது.

அதே நேரம், இந்த மன்றங்களில்தான் எனக்கு ஆற்றாமையும் அதிகம். பல ஊர்களில் மன்றம் என்பது ஒரு தெருவின் மன்றம். ஒரு தெரு என்றால் ஒரு சாதி என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருப் பையன் இந்தத் தெரு மன்றத்தில் கேரம் ஆட முடியாது. பள்ளிச் சாரணர் அணியில் ஒரே சட்டியில் சமைத்துத் தின்றவர்கள், ஊருக்கு வந்ததும் இரண்டு மன்றமாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பெண் பிள்ளைகள். கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு மரத்தடியில் என்றால் எந்தப் பெண் வருவாள்? நான் செயலாளராக இருந்த நான்கு வருடத்தில் எங்கள் உறுப்பினர் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. கூட்டத்தை ஞாயிறு காலைக்கு, பள்ளிக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தால் வந்திருப்பார்கள். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அமெரிக்காவில் ஃபோர் எச் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கான மன்றம் ஒன்று உண்டு. 1902-ல் ஒகையோவில் கிரகாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் மக்காச்சோளம் வளர்ப்பதில் தொடங்கியது. ஒரு பிள்ளை ஆட்டுக்குட்டியை வளர்க்கிறது என்றால் தீவனச் செலவு, எடை, விற்ற விலை எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையே ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும். நம் ஊரில் ஆடு வளர்க்கும் பிள்ளைகளா இல்லை? அந்த நோட்டைத்தான் நாம் கொடுப்பதில்லை.

அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "ரெண்டு டீச்சரையும் போய்ப் பாரு. போன முகாம்ல யார் சமைச்சாங்க, செலவுக் கணக்கை யார் எழுதினாங்கன்னு மட்டும் கேளு" என்றேன். பாப்பாவுக்கு ராணுவ ஆசை கிடையாது. கூச்சம்தான் ஜாஸ்தி. அதனால் சாரணியர் பக்கம்தான் என் மனசு சாய்ந்திருந்தது, ஆனால் ஆசிரியை யாரென்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

இரண்டு நாள் கழித்து அக்கா பேசினாள். சாரணியர் ஆசிரியை பீரோவைத் திறந்து, முனை மடங்கிய ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாராம். தக்காளி கிலோ விலை இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்ததாம். பாப்பா சேர்ந்துவிட்டாள். இப்போது அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பி முழுக்கக் கயிறு. ரீஃப் நாட் முடிச்சு வந்துவிட்டதாம், குளோவ் ஹிட்ச் முடிச்சுதான் இன்னும் நழுவுகிறதாம்.