மஞ்சள் மாத்திரையா, மீன் எண்ணெயா?

முட்டி வலி, வீக்கம் என்றதும் ஆளாளுக்குச் சொல்வது இந்த இரண்டைத்தான். மஞ்சள் தூளில் வேலை செய்யும் சரக்கான குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதையும் உடம்பு லேசில் உறிஞ்சாது, அதனால்தான் பல மாத்திரைகளில் மிளகிலிருந்து எடுத்த பைப்பரினைச் சேர்க்கிறார்கள். மூட்டுத் தேய்மான வலிக்கு ஓரளவு கேட்கிறது. அபூர்வமாகக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு.

மீன் எண்ணெய் வேறு கதை. டப்பாவில் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பின்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் இபிஏ 180, டிஎச்ஏ 120 (இரண்டும் ஒமேகா-3 கொழுப்புகள்), ஆக வேலை செய்யும் சரக்கு வெறும் 300. முடக்குவாத (உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) ஆய்வுகளில் இந்தச் சரக்கைத் தினம் 3 கிராம் அளவுக்குக் கொடுத்தார்கள், அதாவது பத்து கேப்சூல்! ஏப்பத்தில் மீன் வாடை வேறு.

என்னைக் கேட்டால் தேய்மானத்துக்கு மஞ்சள், முடக்குவாதத்துக்கு மீன், அதுவும் டாக்டர் தரும் மருந்தோடு சேர்த்துத்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரண்டையும் தொடாதீர்கள்.