சோலோவா, யோக்யகர்த்தாவா, பெக்கலோங்கனா?

2022 டிசம்பரில் அப்போதைய இந்தோனேசிய அதிபர் ஜோக்கோ விடோடோவின் இளைய மகனுக்குக் கல்யாணம். சோலோ நகரின் மங்குநகரான் அரண்மனையில் விருந்து. வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் போனது: பாராங் டிசைன் பாத்திக் உடுத்தி வர வேண்டாம். மெழுகால் டிசைன் போட்டுச் சாயம் ஏற்றும் துணிதான் பாத்திக். நெளிநெளியான வளைவுகள் சாய்வான பட்டைகளாக ஓடுமே, அதுதான் பாராங். ஒரு காலத்தில் அரச குடும்பத்தைத் தவிர யாரும் அதை உடுத்தக் கூடாது.

ஜாவா தீவின் மாத்தாராம் அரசு 1755-இல் சோலோ, யோக்யகர்த்தா என்று இரண்டாகப் பிரிந்தது. டிசைன்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் நிறத்தில். யோக்யாவில் துணியின் தரை, அதாவது பின்னணி, வெள்ளை; அதன்மேல் அவுரி நீலமும் கரும்பழுப்பும். சோலோவில் அந்த வெள்ளையே கிரீமாக மங்கி, எல்லாம் தேன் நிறப் பழுப்புக்குள் அடங்கிவிடும். பாராங் என்றால் நான் யோக்யா பக்கம். வெள்ளையில்தான் அந்தப் பட்டைகள் எடுப்பாகத் தெரியும். ஆனால் கருந்தரையில் சின்னச் சின்ன நட்சத்திரப் பூக்கள் இறைந்த ‘ட்ருந்தும்’ என்ற டிசைன் சோலோவின் சொத்து. சோலோ மன்னர் மூன்றாம் பாகுபுவானாவின் அரசி உருவாக்கியது என்பார்கள். கல்யாணத்தில் பெற்றோர் உடுத்துவது இதைத்தான்.

ஜாவாவின் வடகடற்கரைப் பெக்கலோங்கனுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. சீனர், அரபியர், டச்சுக்காரர் வந்துபோன ஊர். பூங்கொத்து, பட்டாம்பூச்சி, ரோஸ், இளம்பச்சை என்று எதையும் துணியில் ஏற்றிவிடுவார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் துணிப் பஞ்சம் வந்தபோது இவர்கள் செய்ததுதான் உச்சம். துணி இல்லை, கை இருக்கிறது. பூவுக்குப் பின்னால் இருக்கும் தரையைக்கூட விடாமல் நுணுக்கமாக நிரப்பினார்கள். ஒரே துணியில் பாதிக்கு ஒரு டிசைன், மறுபாதிக்கு இன்னொன்று. காலையில் ஒரு பாதி வெளியே தெரியக் கட்டிக்கொள்ளலாம், மாலையில் திருப்பிக் கட்டினால் வேறு துணி. பாகி-சோரே என்று பெயர். உடுத்த ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் என் கை இதற்குத்தான் போகும்.

எந்த ஊர்த் துணியானாலும் திருப்பிப் பாருங்கள். சாந்திங் என்ற சிறு செப்புக் குழாயால் மெழுகை ஊற்றிக் கையால் வரைந்ததில் பின்பக்கமும் நிறம் நன்றாக ஏறியிருக்கும், ஒரு பூ இன்னொன்றைப் போல அச்சாக இருக்காது. செப்பு அச்சில் மெழுகு ஒற்றியதில் ஒரே டிசைன் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். விலைக்கு அதுவும் நல்ல துணிதான். பின்பக்கம் வெளிறியிருந்தால் பெரும்பாலும் வெறும் பிரிண்ட். அதற்குக் கைவேலை விலை சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.