மோட்டார் மெக்கானிக் படிப்பு: கட்டிய பணமும் கைக்கு வந்ததும்

பெங்களூரு பீன்யா பக்கம் ஒரு தனியார் ஐடிஐயில் என் தம்பி மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் ஈராண்டு படித்தபோது, கட்டணத்தைக் காட்டிலும் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவுமே கையைக் கடித்தன. கன்னடத்தில் நடந்த பாடத்தைத் தமிழிலும் விளக்கி, ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வால்வு இடைவெளியைச் சரிபார்க்கும் அளவுக்குப் பழக்கிய ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதிகள் வந்த பிறகும் பட்டறையில் நின்றது பழைய கார்புரேட்டர் வண்டிதான். புது வண்டிகளின் கோளாறைக் கண்டறியும் ஸ்கேனரோ அலமாரிக்குள் பூட்டியே கிடந்தது. தொழிற்பழகுநராக ஒரு சர்வீஸ் சென்டரில் சேர்ந்த பிறகே அவனுக்கு ஸ்கேனர் வேலை பிடிபட்டது. அங்கே கிடைத்த உதவித்தொகை அறை வாடகைக்கும் பேருந்துக்கும் சரியாகப் போயிற்று. ஸ்பேனர் செட் வாங்க அம்மாவின் சீட்டுப் பணத்தைத்தான் எடுத்தோம் (இந்தச் செலவைச் சேர்க்கையின்போது யாரும் சொல்வதில்லை). பெங்களூரிலேயே வீடு உள்ளவர்கள் சேரலாம். ஓசூருக்கு அப்பாலிருந்து வருபவர்கள் முதலில் அரசு ஐடிஐயை விசாரிப்பது நல்லது.