ஹைட்ரஜனும் ஹீலியமும்: விண்மீனிலும் கோளிலும்

2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர் வழியாகக் கங்கணச் சூரிய கிரகணம் கடந்தபோது கொங்கு மக்கள் கண்ட ஒளி வளையத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி ஹீலியம்.

எரிபொருள் என்ற வகையில் ஹைட்ரஜனுக்கே முதலிடம் தர வேண்டும். சூரியனின் மையத்தில், சுமார் 1.5 கோடி டிகிரி வெப்பத்தில், நான்கு ஹைட்ரஜன் அணுக்கருக்கள் படிப்படியாக இணைந்து ஒரு ஹீலியம் அணுக்கருவாகும்போது, அவற்றின் நிறையில் 0.7 விழுக்காடு ஆற்றலாக மாறுகிறது. இந்த இருப்பு சூரியனுக்கு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்குப் போதுமானது. ஹீலியம் இணைவதற்கோ 10 கோடி டிகிரி வேண்டும்; அப்போதும் அது கார்பனாகி, அதே எடைக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றலையே தருகிறது.

வியாழன், சனி ஆகியவற்றின் ஆழத்தில் ஹைட்ரஜன் அழுத்தத்தால் மின்சாரம் கடத்தும் உலோகத் திரவமாகிறது. சனியில் ஹீலியம் அதில் கரையாமல் துளிகளாக இறங்குவதே அக்கோள் மிகுந்த வெப்பத்தை உமிழக் காரணம் என அறிவியலாளர் கருதுகின்றனர்.

இரண்டையும் வளியாகப் பிடித்துவைக்கும் ஈர்ப்பு பூமிக்கு இல்லை. ஆயினும் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகித் தங்கிவிட்டது. பவானி கூடுதுறையில் கலக்கும் நீரின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு அதுவே. எதனோடும் எளிதில் சேராத ஹீலியத்துக்கு அந்த வழியில்லை. நிலத்தடியில் இன்று எடுக்கப்படுவது பெரும்பாலும் யுரேனியமும் தோரியமும் சிதைந்து மிக மெதுவாக உருவானது. அதைப் பலூனில் அடைத்து வானில் விடுவது, என் பார்வையில், வீண் செலவு.