மாம்பலம் ஸ்டேஷன்: ஸ்கைவாக் ஓகே, படிக்கட்டு?

சென்னை மாம்பலம் ஸ்டேஷனின் ஸ்கைவாக், அதாவது தெருவுக்கு மேலே போகும் நடைபாலம், அருமை, அதில் சந்தேகமே இல்லை. 2023 மே மாதம் திறந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டர், ரங்கநாதன் தெரு நெரிசலைத் தலைக்கு மேலேயே தாண்டிவிடலாம். தீபாவளிக்குத் துணி எடுக்க வரும் அண்ணி, "இனி மாம்பலத்துல இறங்கினா கஷ்டமில்லைதானே?" என்று கேட்டார். கஷ்டம் இருக்கிறது, அண்ணி. அது ஸ்கைவாக்குக்கு வரும் முன்னாலேயே, ஸ்டேஷன் படிக்கட்டிலேயே தொடங்கிவிடுகிறது.

இங்கே தண்டவாளம் போட்ட காலத்தில் தி.நகர் என்று ஒரு இடமே கிடையாது, ஏரிதான் இருந்தது. 1920களில் ஏரியைத் தூர்த்து தியாகராய நகரை உண்டாக்கினார்கள். 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் வந்தது, மீட்டர் கேஜ் என்ற குறுகலான பாதையில். இப்போது தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் மேற்கு மாம்பலத்து வீடுகள், மறு பக்கம் தி.நகர் கடைகள். வண்டியில் போகிறவர்களுக்கு துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் உண்டு (மழை பெய்தால் அதுவும் சந்தேகம்). நடந்து போகிறவர்களுக்கு ஸ்டேஷன் பாலம்தான் தெரு.

என் எரிச்சல் இதில்தான். ரயிலே ஏறாமல் காய்கறிப் பையோடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறவர்களும், மின்ரயிலில் வந்து இறங்குகிறவர்களும் ஒரே பாலத்தில் முட்டிக்கொள்கிறார்கள். நடுவில் எக்ஸ்பிரஸ் பிடிக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும் ஒரு குடும்பம். வண்டி நின்றதும் பிளாட்பாரத்துக் கூட்டம் மொத்தமும் படிக்கட்டை நோக்கித் திரும்பும், அதே படியில் மேலிருந்து இன்னொரு கூட்டம் இறங்கும். முன்னால் போகிறவர் செல்போனை எடுத்தால் போச்சு. 2004இல் மீட்டர் கேஜ் மின்ரயில் போய் அகலப் பாதை முழுதாக வந்தது. பெட்டி அகலமான அளவுக்குப் படி அகலமாகவில்லை என்பது என் தீர்மானம். அதற்கு மேல் ஸ்கைவாக்கையும் கொண்டுவந்து இணைத்துவிட்டார்கள். கீழே தெருவில் இருந்த நெரிசலில் பாதி இப்போது மேலே ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். மின்ரயிலிலிருந்து இறங்கிய உடனே இவ்வளவு பெரிய கடைவீதி வேறு எந்த ஸ்டேஷனில் கிடைக்கும்? வார நாளில் காலை பதினோரு மணி வாக்கில் வந்தால் படியும் சும்மா கிடக்கும். ஸ்கைவாக்கில் நின்று ரங்கநாதன் தெருவை வேடிக்கை பார்த்துவிட்டு, நிதானமாக உஸ்மான் சாலைக்குப் போகலாம். இந்த வட்டாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஸ்டேஷன் இதுதான்.

ஆனாலும் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்றால் கோடம்பாக்கத்திலேயே இறங்கி ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்டாலும் சரி.