வெக்ட்ரெக்ஸை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: பிக்சர் டியூபைக் கழற்ற விடாதீர்கள்

பழைய வீடியோ கேம் கருவிகளுக்குப் புது ஹார்டுவேர் போட்டு ஓட வைத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஒரு கடை நாகர்கோவிலில் இருக்கிறது. அங்கேதான் டியூப் திரையோடு வரும் என் பழைய கேம் கருவியான வெக்ட்ரெக்ஸைக் கொடுத்தேன். திரும்பி வந்ததில் வெளிப்பெட்டி மட்டும்தான் என்னுடையது. உள்ளே இருந்த டியூபையும் போர்டையும் எடுத்துவிட்டு, ஒரு எல்.சி.டி. பேனலை வைத்து மூடிக் கொடுத்திருந்தார்கள். கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்கள் வீட்டுப் பரணில் இந்த மாதிரிச் சாமான்கள் இன்னும் கிடக்கலாம். கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வெக்ட்ரெக்ஸ் 1982 கடைசியில் அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. ஜி.சி.இ. என்ற நிறுவனம் வெளியிட்டது. பிறகு அந்த நிறுவனத்தை மில்டன் பிராட்லி வாங்கியது. 1984இல் தயாரிப்பு நின்றுபோனது. கப்பல் வேலையில் இருந்த என் தாய்மாமா அங்கிருந்து குளச்சலுக்குக் கொண்டுவந்தார். மற்ற கேம் கருவிகளைப் போல இதை டிவியில் மாட்டத் தேவையில்லை. 9 அங்குலக் கறுப்பு வெள்ளை டியூப் அதற்குள்ளேயே நிமிர்ந்து நிற்கும்.

அந்த டியூப் வேலை செய்யும் விதம்தான் இதன் அருமை. சாதாரண டிவியில் எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே வரி வரியாகத் திரை முழுவதையும் தடவும். வெக்ட்ரெக்ஸில் அப்படி வரிகளே கிடையாது. கோலம் போடுகிற கை புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போவது போல, வரைய வேண்டிய கோட்டின் மேல் மட்டும் கற்றை ஓடும். அதனால் சாய்ந்த கோடு எத்தனை சாய்வாக இருந்தாலும் ஓரத்தில் படிக்கட்டு போன்ற உடைப்பு விழாது. கற்றை நிற்கும் இடத்தில் புள்ளி பளீரென்று மின்னும். உள்ளேயே பதிந்து வரும் மைன் ஸ்டார்ம் விளையாட்டில் குண்டுகள் அப்படித்தான் மின்னும். படத்தைப் புள்ளி புள்ளியாக நினைவகத்தில் வைக்க வேண்டியதில்லை என்பதால் 1 கிலோபைட் ராமும் 1.5 மெகாஹெர்ட்ஸ் 6809 ப்ராசஸர் சிப்பும் அதற்குப் போதுமாக இருந்தன. விளையாட்டுகள் பொதுவாக நொடிக்கு 50 தடவை திரையை வரைந்துகொண்டே இருக்கும். நிறம் வேண்டுமென்றால் திரைக்கு முன்னால் வண்ணப் பிளாஸ்டிக் தாளைச் செருகுவோம்.

எங்கள் கருவி 120 வோல்ட்டுக்கு ஆனது. எப்போதும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டினோம். இத்தனை வருடம் உப்புக் காற்றிலும் தாங்கிய அது, போன வருடம் பழுதானது. படம் முழுவதும் ஒடுங்கி நடுவில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு மட்டும் பளிச்சென்று நின்றது. சத்தம் சரியாக வந்தது. பட்டனை அழுத்தினால் சுடும் ஒலியும் கேட்டது.

இந்த அறிகுறியைக் கொஞ்சம் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். கோடு வெளிச்சமாகத் தெரிகிறது என்றால் டியூப் உயிரோடு இருக்கிறது, அதற்குப் போகும் பல ஆயிரம் வோல்ட்டும் வருகிறது. விளையாட்டு ஓடுகிறது என்றால் சிப்பும் ராமும் நன்றாக இருக்கின்றன. கற்றையை மேலும் கீழும் இழுக்கும் பாதி வேலை செய்கிறது, இடமும் வலமும் இழுக்கும் பாதி படுத்துவிட்டது. டியூபின் கழுத்தில் கற்றையை இழுக்கும் கம்பிச் சுருள் இருக்கிறது, அதற்கு யோக் என்று பெயர். அதை ஓட்டுவது எல்.எம்.379 என்ற இரட்டை ஆம்ப்ளிஃபயர் சிப். ஆடியோவுக்காகச் செய்யப்பட்ட சிப் அது, இப்போது உற்பத்தியில் இல்லை. தேடிப் பிடிக்கலாம், அல்லது அந்த வேலையை வேறு ஆம்ப்ளிஃபயரை வைத்துச் செய்ய வைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் டியூபைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

இதையெல்லாம் கடையில் விளக்கிச் சொன்னேன். கூடவே இன்னொரு வேலையும் கொடுத்தேன்: எல்லா விளையாட்டுகளும் அடங்கிய புதுக் கார்ட்ரிட்ஜ் (கருவியில் செருகும் விளையாட்டுப் பெட்டி) ஒன்று. எஸ்.டி.எம்.32 மைக்ரோகன்ட்ரோலர் வைத்த சின்ன போர்டு அது. பழைய கார்ட்ரிட்ஜில் இருந்த நிரந்தர நினைவகச் சிப்பைப் போல நடித்து, கேட்கும் பைட்டைக் கேட்ட நேரத்தில் கொடுக்கும். ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை வைத்துச் செய்த பைட்ரெக்ஸ் என்ற கார்ட்ரிட்ஜும் உண்டு. அது கணக்கையெல்லாம் தானே போட்டு, கற்றையை மட்டும் வெக்ட்ரெக்ஸின் சுற்றுகள் வழியாக ஓட்டும். இரண்டுமே பக்கவாட்டில் இருக்கும் கார்ட்ரிட்ஜ் துளையில் செருகுபவை. ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். படம் வரைவது அப்போதும் அதே பழைய டியூப்தான்.

மொத்தம் 22,000 ரூபாய் என்றார்கள். 12,000 முன்பணம் கொடுத்தேன். என்னென்ன வேலை என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்ற பதிலையும் வாங்கினேன். உள்போர்டு, டியூப், வண்ணத் தாள் எல்லாவற்றையும் படம் எடுத்தேன்.

பல மாதம் இழுத்தடித்த பிறகு கூப்பிட்டார்கள். ஸ்விட்சைப் போட்டதும் கலர் கலராகப் படம் வந்தது. கோடுகளின் ஓரமெல்லாம் படிக்கட்டு. தூக்கிப் பார்த்தால் பாதி எடைகூட இல்லை. கார்ட்ரிட்ஜ் துளைக்குப் பின்னால் எந்த இணைப்பும் இல்லை. ஒரு மலிவான கம்ப்யூட்டர் போர்டில் எமுலேட்டரை, அதாவது பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளை ஓட்டி, அந்தப் படத்தை எல்.சி.டி.யில் காட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, டியூப்பு அடிச்சுப் போச்சு பாத்துக்கிடுங்க. இனி அது கிடைக்காது. அதான் புது மாடலாட்டு ஆக்கித் தந்திருக்கேன்" என்றார் கடைக்காரர்.

"அண்ணாச்சி, டியூபில் கோடு பளிச்சென்று தெரிந்ததை இதே மேஜையில் நீங்களும் பார்த்தீர்களே. சரி, அடித்துப்போன டியூப் எங்கே?"

பழைய இரும்புக் கடைக்குப் போட்டாயிற்றாம். வண்ணத் தாளைக் கேட்டால் அப்படி ஒன்று வரவே இல்லை என்றார். நான் எடுத்த படத்தைக் காட்டிய பிறகும் அதையேதான் சொன்னார். மாமா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்தத் தாளை அவர் நியூஸ் பேப்பரில் சுற்றி அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர். என்னால் பொறுக்க முடியவில்லை.

வக்கீலாக இருக்கும் அத்தானைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனபோது என் பழைய போர்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கார்ட்ரிட்ஜ் துளையின் பின்களில் நேரடியாக ஒயர்களைப் பற்றவைத்திருக்கிறார்கள். ராஸ்பெர்ரி பையை அப்படியே இணைக்கப் பார்த்திருக்கிறார்கள் போல. வெக்ட்ரெக்ஸ் 5 வோல்ட்டில் ஓடும், ராஸ்பெர்ரி பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. இடையில் வோல்ட்டேஜை மாற்றித்தரும் சிப் வேண்டும். அந்த அடிப்படை தெரியாதவர்கள் கையில் அந்தப் போர்டு பட்ட பாடு அதிலேயே தெரிகிறது. டியூபும் யோக்கும் இன்றுவரை வரவில்லை. இந்த வகைக் கருவியில் இன்று காசு கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத பாகம் அந்த டியூப்தான். அது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. எமுலேட்டரில் போட்ட விளையாட்டுகளுக்கு "லைசென்ஸ்" என்று பில்லில் 3,000 ரூபாய் சேர்த்திருந்தார்கள். வெக்ட்ரெக்ஸ் விளையாட்டுகளை லாப நோக்கமில்லாமல் பிரதி எடுத்துக்கொள்ள அதன் உரிமையாளர்கள் பல வருடங்களுக்கு முன்பே அனுமதித்துவிட்டார்கள். யாராவது இதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆன்லைனிலும் பதியலாம், 1915 என்ற உதவி எண்ணில் வழியும் கேட்கலாம். வாட்ஸ்அப் செய்திகளும் நான் எடுத்த படங்களும்தான் இப்போது என் கையில் இருக்கும் பலம். நீங்களும் கொடுப்பதற்கு முன் படம் எடுங்கள். கழற்றும் பாகம் எதுவானாலும், கெட்டுப்போனதே ஆனாலும், திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். டியூபை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஸ்விட்சைப் போட்டுத் திரையில் ஏதாவது வெளிச்சம் வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே எங்காவது கொடுத்திருந்தால் நாளைக்கே போய்ப் பாருங்கள். வீட்டில் நீங்களே திறக்கவும் வேண்டாம், அணைத்த பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும்.

புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. யோக்குடன் கூடிய 9 அங்குலக் கறுப்பு வெள்ளை டியூப் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எங்காவது விற்பனைக்கு வந்தால் தயவுசெய்து உடனே எனக்குத் தகவல் சொல்லுங்கள்.