சிஸ்டமேட்டிக் ரிவ்யூவா, ஸ்கோப்பிங் ரிவ்யூவா?

ஆய்வு மாணவர்கள் பலர் தலைப்பு கிடைத்ததுமே குழம்பும் இடம் இது. இரண்டுமே ஏற்கெனவே வெளியான ஆய்வுகளை முறையாகத் தேடித் திரட்டி எழுதுபவை. முன்னது ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விடை தேடும்; பின்னது ஒரு துறையில் என்னென்ன ஆய்வுகள் இருக்கின்றன என்று வரைபடம் போடும்.

கேள்வி: ‘டைப் 2 சர்க்கரை நோயாளிகள் வழக்கமான சிகிச்சையோடு யோகாவும் செய்தால் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) குறைகிறதா?’ என்றால் சிஸ்டமேட்டிக். ‘சர்க்கரை நோயில் யோகா பற்றி யார், எங்கே, எதையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள்?’ என்றால் ஸ்கோப்பிங்.

பதிவு: சிஸ்டமேட்டிக் ரிவ்யூவின் திட்டத்தை பிராஸ்பெரோ என்ற இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியலாம். ஸ்கோப்பிங்கை அங்கே ஏற்பதில்லை. அதற்கு, ஆய்வுத் திட்டங்களைப் பதிந்து பகிரும் ஓஎஸ்எஃப் தளம் இருக்கிறது.

தர மதிப்பீடு: பெரிய வித்தியாசம் இதில்தான். சிஸ்டமேட்டிக்கில் ஒவ்வோர் ஆய்விலும் சார்பு (முடிவை ஒரு பக்கம் சாய்க்கும் பிழை) எங்கே நுழைந்திருக்கும் என்று தோண்டியாக வேண்டும். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்த ஆய்வு என்றால் ‘ராப் 2’ கருவி. பிரித்த விதம் சரியா, பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர், சாதகமான முடிவை மட்டும் பொறுக்கி எழுதினார்களா என்றெல்லாம் இருவர் தனித்தனியே பார்த்து, பிறகு ஒப்பிட வேண்டும். ஸ்கோப்பிங்கில் இது கட்டாயமில்லை.

அறிக்கை: சிஸ்டமேட்டிக்கில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 பட்டியலில் 27 அம்சங்கள். ஸ்கோப்பிங்குக்கான 2018 பட்டியலில் 20, விருப்பத்துக்கு இன்னும் 2.

உழைப்பு: ஸ்கோப்பிங் சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேள்வி அகலமானால் சலிக்க வேண்டிய கட்டுரைகளும் குவியும்.

சரி, எது யாருக்கு? சிகிச்சை பலிக்குமா என்று மருத்துவருக்குச் சொல்ல சிஸ்டமேட்டிக். புதிய துறையில் இடைவெளி தேடும் முனைவர் பட்ட மாணவருக்கு ஸ்கோப்பிங்.